கண்டி வீதியில் தாழ்த்திய கார்

காரைத் தாழ்த்துவது என்றால், சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையில் நிற்கும் ஸ்பிரிங்கின் நீளத்தையோ அது அமரும் இடத்தையோ மாற்றி, உடலை நிலத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது. சஸ்பென்ஷனை மேம்படுத்துவது வேறு வேலை. தேய்ந்த ஷொக் அப்சோபர், வெடித்த ரப்பர் புஷ், தளர்ந்த போல் ஜொயின்ட் ஆகியவற்றை மாற்றி, கார் வீதியைப் பிடித்து ஓடும் திறனைத் திரும்பக் கொடுப்பதும், முடிந்தால் கூட்டுவதும் அதன் நோக்கம். இரண்டும் ஒரே தடவையில் ஒரே கராஜில் நடப்பதால் ஒரே வேலை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கண்டி போன்ற மலைநகரில் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். இங்கு முதலாவது வேலை அளவோடு செய்ய வேண்டியது. இரண்டாவது வேலை ஏறத்தாழ எல்லாப் பழைய கார்களுக்கும் தேவைப்படுவது.

பழைய சிறிய கார்கள் கண்டி வீதிகளில் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. 1980களிலும் 1990களிலும் வந்த நிசான் சனி, டொயோட்டா ஸ்டார்லெட், கொரோலா, ஹொண்டா சிவிக், மிட்சுபிஷி லான்சர், மாருதி 800 ஆகியவற்றோடு, அவற்றுக்கும் மூத்த மொரிஸ் மைனரையும் மினியையும் பேணி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய காரின் விலை ஏறியது. அதைத் திருத்தி வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்றும் ஆனது. முப்பது வயதுக் காரில் பணம் போடுவதா என்று முன்பு தயங்கியவர்களும் துணிந்து போட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு சஸ்பென்ஷனுக்குப் போனது.

ஸ்பிரிங்கும் ஷொக்கும்

ஸ்பிரிங் காரின் பாரத்தைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அது சுருங்கி, அந்த உதையைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்போது கார் மேலெழும்பும். தனியே விட்டால் நெடுநேரம் ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபரின் வேலை. அதன் குழலுக்குள் எண்ணெய் இருக்கிறது. அந்த எண்ணெய்க்குள் பிஸ்டன் ஒன்று சிறு துவாரங்களோடும் வால்வுகளோடும் மேலும் கீழும் போய்வருகிறது. துவாரம் வழியே எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாயும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றில் கலக்கிறது. ‘ஷொக்’ என்ற பெயரைக் கேட்டுவிட்டு உதையைத் தாங்குவது இதுவே என்று எண்ணுவது பொதுவான தவறு. உதையைத் தாங்குவது ஸ்பிரிங், அடக்குவது ஷொக்.

ஸ்பிரிங்கின் கடினத்தை கராஜ்களில் மில்லிமீற்றருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சிறிய காரின் முன்சக்கரம் ஒன்றின் மேல் 240 கிலோ உடல்பாரம் நிற்கிறது என்றும், ஸ்பிரிங் மில்லிமீற்றருக்கு 1.6 கிலோ தாங்கும் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஸ்பிரிங் கார் சும்மா நிற்கும்போதே 150 மில்லிமீற்றர் அமுங்கியிருக்கும். அப்படிப்பட்ட கார் வினாடிக்கு ஏறத்தாழ 1.3 தடவை ஆடும். குடும்பக் கார் இந்தத் தாளத்தில் ஆடினால் உடலுக்கு இதமாக இருக்கும். அதே இடத்தில் 2.4 கிலோ ஸ்பிரிங்கைப் போட்டால் அமுக்கம் 100 மில்லிமீற்றராகக் குறையும், ஆட்டம் வினாடிக்கு 1.6 ஆகக் கூடும். கார் விறைப்பாக இருப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஸ்பிரிங்கை ஒன்றரை மடங்கு கடினமாக்கினால், அதே அளவு அடக்கம் கிடைக்க ஷொக்கின் வலிமையும் கால்வாசிக்குச் சற்றுக் குறைவாகக் கூட வேண்டும். ஸ்பிரிங்கை மாத்திரம் மாற்றிவிட்டுப் பழைய ஷொக்கை விட்டுவைத்த கார் மேட்டில் ஏறி இறங்கியபின் இரண்டு மூன்று தடவை துள்ளுவது இந்தக் கணக்கின் விளைவு.

1980களுக்குப் பின் வந்த ஜப்பானியச் சிறிய கார்களின் முன்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயர் அது. 1950இல் பிரிட்டனில் வெளிவந்த ஃபோர்ட் கொன்சல், செஃபர் கார்கள் இந்த அமைப்பைப் பரவலாக்கின. ஷொக்கைச் சுற்றி ஸ்பிரிங்கைப் போட்டு, மேல்முனையை எஞ்சின் அறையின் பக்கச்சுவரில் பொருத்தி, கீழ்முனையை லோவர் ஆர்ம் எனப்படும் ஒரே ஒரு கீழ் ஆர்மில் பிடித்துவைப்பது இதன் எளிமை. இடம் மிச்சம், செலவும் குறைவு. 1981இல் வந்த சனி பி11 அந்த வரிசையின் முதல் முன்சக்கர இயக்கக் கார். ஸ்டார்லெட்டும் 1984இல் அந்த வழிக்கு மாறியது. இரண்டுக்கும் முன்பக்கம் ஸ்ட்ரட்தான். ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. காரைத் தாழ்த்தும்போது அந்த விலை தெரியவரும்.

முதலில் அளவெடுத்தல்

முப்பது ஆண்டு ஓடிய காரின் ஸ்பிரிங் தானாகவே தளர்ந்திருக்கும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட்டின் ஓரம் வரை நான்கு மூலைகளிலும் அளந்து, அந்த மொடலின் திருத்தக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் இது வெளிப்படும். நிலத்திலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கைக் குழப்பும். நடுப்புள்ளியிலிருந்து அளந்தால் குழப்பாது. சாரதி பக்கம் மற்றப் பக்கத்தைவிடத் தாழ்ந்திருப்பதும், பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருப்பதும் பழைய கார்களில் வழமை. ஏற்கெனவே 20 மில்லிமீற்றர் இறங்கிய காரைப் பார்த்து, இன்னும் 40 இறக்கினால் அழகாயிருக்கும் என்று எண்ணுபவர் உண்மையில் 60 மில்லிமீற்றர் இறக்குகிறார்.

மினி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த அந்தக் காரில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்ட்டன் உருவாக்கிய ரப்பர்க் கூம்புகள் இருந்தன. காலம் போகப் போக ரப்பர் அமுங்கி இறுகிவிடும். தாழ்ந்து, கல்லுப்போல ஓடும் பழைய மினியைப் பார்த்தவர் யாரோ அதற்கு விளையாட்டுச் சஸ்பென்ஷன் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். ரப்பர் செத்துப்போய்விட்டது என்பதே உண்மையாக இருக்கும். புதுக் கூம்பு போட்டதும் கார் நிமிரும். அதன்பின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு உதிரியைப் பொருத்தி, வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

அளந்தபின் வருவது சோதனை. காரை ஜக்கில் உயர்த்தி, சக்கரத்தை மேல்கீழாகப் பிடித்து அசைத்தால் போல் ஜொயின்டின் ஆட்டம் தெரியும். பக்கவாட்டில் அசைத்தால் ஸ்டியரிங் இணைப்பின் ஆட்டம் தெரியும். லோவர் ஆர்ம் புஷ்களின் ரப்பர் வெடித்திருக்கிறதா, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் பிதுங்கியிருக்கிறதா, ஷொக்கில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. சேறும் ஈரமும் மட்காட்டின் உட்பக்கத்தில் தங்கும். அதனால் ஸ்ட்ரட் பொருந்தும் கோபுரத் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும். கடினமான ஸ்பிரிங் வாங்காத உதை முழுவதையும் அந்தத் தகடு வாங்கும். துருவேறிய தகட்டின் மேல் கடினமான ஸ்பிரிங்கை ஏற்றுவதைவிட, ஒன்றுமே செய்யாமல் இருப்பது நல்லது.

இந்தப் பட்டியலில் உள்ளவற்றை மாற்றினாலே பாதிக்கு மேற்பட்ட மேம்பாடு கிடைத்துவிடும். புது புஷ், புது போல் ஜொயின்ட், புது மவுண்ட், கார் நிறுவனம் முதலில் போட்ட தரத்தில் நான்கு புது ஷொக்: இவ்வளவோடு ஓட்டிப் பார்த்தால் பலருக்குக் காரைத் தாழ்த்தும் எண்ணமே குறைந்துவிடும். வளைவில் கார் ஊசலாடுவதும், பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பதும், ஸ்டியரிங் தளர்ந்து ஆடுவதும் உயரத்தால் வந்தவை அல்ல. தேய்ந்த பாகங்களால் வந்தவை.

ஷொக் வாங்கும்போது ஒரு விடயத்தில் உறுதியாக இருக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் கண்டிக் கடைகளிலும் ஜப்பானில் கழற்றிய பாவித்த ஷொக்குகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. எஞ்சினையும் கியர் பெட்டியையும் அப்படி வாங்கலாம். ஷொக்கை வாங்கக் கூடாது. அதன் உள்ளே உள்ள வால்வும் சீலும் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதைக் கையால் அமுக்கிப் பார்த்து அறிய முடியாது. ஓட்டை போட்டு எண்ணெயை மாற்றி ஒட்டவைத்த ஷொக்கும் அப்படியே. உள்ளே நிரப்பிய வாயு அழுத்தம் போய்விட்டால் இறக்கத்தில் தொடர்ந்து வேலை செய்யும்போது எண்ணெய் நுரைக்கும். நுரைத்த எண்ணெயால் ஆட்டத்தை அடக்க முடியாது. கேவைபி போன்ற நிறுவனங்கள் பழைய மொடல்களுக்கும் புது ஷொக் செய்கின்றன. சோடியாக, இரண்டு பக்கமும் ஒரே தடவையில் மாற்ற வேண்டும்.

தாழ்த்தும் வழிகள்

மலிவான வழி ஸ்பிரிங்கை வெட்டுவது. கிரைண்டரால் ஒரு சுற்றை அறுத்தெடுத்தால் கார் இறங்கிவிடும், செலவு ஏறத்தாழ இல்லை. மேலே சொன்ன 1.6 கிலோ ஸ்பிரிங்குக்கு வேலை செய்யும் சுற்றுகள் ஆறு, தனிநீளம் 330 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றை வெட்டினால் தனிநீளம் சுமார் 280 ஆகும். சுற்றுகள் குறைந்ததால் மீதியுள்ள ஐந்தும் கடினமாகும், மில்லிமீற்றருக்கு 1.92 கிலோ. அமுக்கம் 150 இலிருந்து 125 ஆகிறது. நிற்கும் உயரம் 180 இலிருந்து 155 ஆகிறது. அதாவது 50 மில்லிமீற்றர் வெட்டினால் 25 மில்லிமீற்றர்தான் கார் இறங்குகிறது. மீதி 25 மில்லிமீற்றரில்தான் ஆபத்து இருக்கிறது. கார் மேட்டில் துள்ளிச் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஷொக் பழைய நீளத்துக்கு விரியும். வெட்டிய ஸ்பிரிங்குக்கு அந்த நீளம் எட்டாது. அது தன் இருக்கையை விட்டுக் கழன்று, திரும்பும்போது கோணலாக உட்காரும். சனி, ஸ்டார்லெட் போன்ற கார்களில் ஸ்பிரிங்கின் முனை தட்டில் உள்ள படியில் சரியாகப் பொருந்த வேண்டும். அறுத்த முனை பொருந்தாது.

இதைவிட மோசமானது, ஸ்பிரிங்கைக் காரிலிருந்து கழற்றாமலே காஸ் விளக்கால் சூடாக்கி இறங்கவைப்பது. ஸ்பிரிங் எஃகு, சூட்டுப்பதம் கொடுத்துச் செய்யப்பட்டது. அதைச் சிவக்கக் காய்ச்சினால் பதம் போய்விடும். சூடுபட்ட சுற்று மட்டும் பலவீனமாகும். எப்போது உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. கராஜில் எவர் இந்த வழியைச் சொன்னாலும் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

முறையான வழி, தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங். டெயின் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. தனிநீளம் குறைவாகவும் கம்பி சற்றுக் கடினமாகவும் இருக்கும். முனைகள் படியில் பொருந்தும். சக்கரம் தொங்கும்போதும் ஸ்பிரிங் கழலாது. 25 முதல் 35 மில்லிமீற்றர் வரை இறக்கும் ஸ்பிரிங்கே கண்டிக்குப் போதும். அதற்கு மேற்பட்டது கொயில் ஓவர்: ஷொக்கின் உடலில் மரை போட்டு, ஸ்பிரிங் அமரும் தட்டை மேலும் கீழும் திருகி உயரத்தை மாற்றும் அமைப்பு. நல்லதாக இருந்தால் உயரத்தையும் ஷொக்கின் கடினத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்தலாம். மலிவானது சில மழைக்காலங்களிலேயே மரையில் துருப்பிடித்து இறுகிவிடும். அதன்பின் விலை கூடிய, நகராத ஸ்பிரிங்தான் மிஞ்சும். மரையில் கிரீஸ் பூசி, ஆண்டுக்கு ஒருமுறை கழுவித் திருகிப் பார்ப்பவருக்கே அது உதவும்.

மொரிஸ் மைனரில் கதையே வேறு. 1948இல் வந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் கொயில் ஸ்பிரிங் இல்லை. உடலின் நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பி ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. சக்கரம் மேலெழும்போது அந்தக் கம்பி முறுகி எதிர்க்கிறது. கம்பியின் முனையில் உள்ள பற்களை ஒன்றிரண்டு தள்ளிப் பொருத்தினால் முன்பக்கம் இறங்கும்; எதையும் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பக்கம் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கத்தில் போடக் கூடாது. எதிர்த்திசையில் முறுகினால் அது சோர்ந்துபோகும். பின்பக்கத்தில் பட்டை ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் நடுவே ஒரு கட்டையை வைத்து இறக்குவார்கள். அதைவிட, முன்பின் இரண்டிலும் உள்ள நெம்புகோல் ஷொக்குகளுக்குப் பதிலாகக் குழல் ஷொக் பொருத்துவதே மைனருக்குச் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள மாற்றம்.

தாழ்த்தினால் என்ன மாறுகிறது

தாழ்ந்த கார் வளைவில் குறைவாகச் சாயும் என்பது பொதுவான நம்பிக்கை. ஸ்ட்ரட் உள்ள காரில் அது எப்போதும் உண்மையில்லை. கார் சாய்வது அதன் எடைமையத்துக்கும், அது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பொறுத்தது. எடைமையம் 520 மில்லிமீற்றர் உயரத்திலும் சாய்வு மையம் 100 மில்லிமீற்றர் உயரத்திலும் இருந்தால் இடைவெளி 420. காரை 40 மில்லிமீற்றர் தாழ்த்தினால் எடைமையம் 480க்கு வரும். ஆனால் லோவர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேல்நோக்கிச் சரிவதால் சாய்வு மையம் இன்னும் வேகமாக இறங்கும். 80 இறங்கி 20க்கு வந்தால் இடைவெளி 460. கார் தாழ்ந்தும் சாய்வு கூடிவிட்டது. எளிமைக்கு ஒரு விலை உண்டு என்றது இதைத்தான். கடினமான ஸ்பிரிங்கோ, இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தடித்ததாகவோ போட்டு இதை மறைக்கலாம். ஆர்மின் சரிவை மீட்டுத் தரும் நீண்ட போல் ஜொயின்ட்களும் சில மொடல்களுக்குக் கிடைக்கின்றன. 25 மில்லிமீற்றரோடு நிறுத்திக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது.

ஸ்டியரிங் இணைப்புக் கம்பியும் லோவர் ஆர்மும் மேல்கீழாக அசையும்போது ஒரே வட்டத்தில் போக வேண்டும். தாழ்த்தியபின் இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் போகும். அப்போது சாரதி ஸ்டியரிங்கைத் தொடாமலே, குழியில் விழுந்த சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும். சக்கரத்தின் மேல்முனையும் உள்நோக்கிச் சாயும். சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் வீல் எலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உட்பக்கம் மாத்திரம் தேய்ந்து, வெளியே பார்ப்பவருக்கு நல்ல டயராகத் தோன்றும். உள்ளே கம்பி தெரியும். முன்சக்கர இயக்கக் கார்களில் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சீவி ஜொயின்ட் எப்போதும் கோணலில் சுழல்வதால் அதன் ரப்பர் உறையும் விரைவில் கிழியும்.

பின்பக்கத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று பலருக்குத் தெரியாது. சில வேகன்களிலும் வான்களிலும் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பின் அக்சிலோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கினால் அது பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். காரைத் தாழ்த்தினால் அந்த வால்வு வெறும் வண்டியையும் பாரவண்டி என்று எண்ணிக்கொள்ளும். மழையில் பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் இறுகிப் பின்பக்கம் வழுக்கும். கம்பியின் நீளத்தைத் திருத்தி வால்வைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது சிறு வேலை; அதை மறந்துவிடுவது பெரிய ஆபத்து.

கண்டியின் வீதிகள்

கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. எந்தப் பக்கம் வெளியேறினாலும் ஏற்றமோ இறக்கமோ வரும். கொழும்புப் பக்கம் 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வெட்டப்பட்ட கடுகண்ணாவ இறக்கம். தெற்கே பேராதனை, கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழியாக எண்பது கிலோமீற்றருக்குள் 1900 மீற்றரை நெருங்கும் நுவரெலியா வீதி. கிழக்கே தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய தாண்டி மகியங்கனைக்கு இறங்கும் ஏ26 வீதியின் ‘18 வளைவு’. வீதியை அகலப்படுத்தியபின் ஒரு வளைவு குறைந்தாலும் பெயர் மாறவில்லை.

கடுகண்ணாவயில் இறங்கும்போது நடப்பதைக் கணக்காகப் பார்க்கலாம். 900 கிலோ கார், முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2300 மில்லிமீற்றர். இது ஸ்டார்லெட் ஈபி82இன் அளவு. பத்துக்கு ஒன்று சரிவில் ஓரளவு அழுத்தி பிரேக் போட்டால் சுமார் 80 கிலோ பாரம் பின்னிலிருந்து முன்னுக்கு மாறும். ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் 40 கிலோ, 1.6 கிலோ ஸ்பிரிங் 25 மில்லிமீற்றர் அமுங்கும். ஸ்பிரிங் சுருங்க முதலில் 80 மில்லிமீற்றர் இடம் இருந்தது என்றால், ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாமல் காரை 40 மில்லிமீற்றர் இறக்கியவருக்கு பிரேக் போட்டநிலையில் 15 மில்லிமீற்றர்தான் மிச்சம். அந்த நேரத்தில் ஒரு குழி வந்தால் ஸ்ட்ரட் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர்த் தடையில் மோதும். மோதிய கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லை. டயர் வீதியை விட்டு எழும். வளைவின் நடுவில் இது நடந்தால் கார் நேரே போய்விடும். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் கொட்டும் இடிமழையும் தாரைத் தோண்டிக் குழிகளைப் புதிது புதிதாக உண்டாக்கும் நாட்டில், நேற்று இல்லாத குழி இன்று இருக்கும்.

ஏறும்போது வேறு தேவை. ஊசிவளைவில் முன்சக்கர இயக்கக் கார் ஏறும்போது உட்பக்கச் சக்கரத்தின் பாரம் குறையும். ஸ்பிரிங் விரிந்து அந்தச் சக்கரத்தை நிலத்தோடு அழுத்த வேண்டும். விரியும் தூரத்தைக் குறைத்த குட்டை ஷொக்கும் மிகத் தடித்த முன் ஸ்டெபிலைசர் பாரும் சேர்ந்தால், ஈரமான வளைவில் அந்தச் சக்கரம் வெறுமனே சுழலும். கார் பாதியில் நிற்கும், பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும்.

நிலத்துக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி இன்னொரு கணக்கு. அதே 2300 மில்லிமீற்றர் காருக்கு நடுவில் 150 மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால், ஏறத்தாழ 15 பாகை முறிவுள்ள மேட்டை அடிபடாமல் தாண்டலாம். இடைவெளி 110 ஆனால் அது 11 பாகைக்கு இறங்கும். ஐந்துக்கு ஒன்று சரிவுக்கும் சற்றுக் குறைவு. ஹந்தானைச் சரிவிலும் நகரைச் சுற்றிய மேடுகளிலும் வீடுகளுக்கு ஏறும் கொங்கிரீட் பாதைகளில் இதைவிடச் செங்குத்தானவை பல உண்டு. வீதியோர வடிகானைத் தாண்டி, உடனே மேலெழும் அந்த வாசல்களில் சைலன்சரும் எண்ணெய்த் தொட்டியும் உரசும். தாழ்த்தும் ஸ்பிரிங்கை வாங்கும் முன் தன் வீட்டு வாசலின் முறிவை ஒரு பலகையும் நீர்மட்டமும் வைத்து அளந்து பார்ப்பவர் பணத்தை மிச்சப்படுத்துவார்.

குடும்பக் காரில் பின்சீட்டில் மூவரும் பின்பெட்டியில் அரிசி மூட்டையும் ஏறினால் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் 90 கிலோ கூடலாம். மில்லிமீற்றருக்கு 1.8 கிலோ ஸ்பிரிங் 50 மில்லிமீற்றர் அமுங்கும். தனியே ஓட்டும்போது அழகாக நின்ற கார், திருவிழாவுக்கு மாத்தளைக்குப் புறப்படும் நாளில் மட்காட்டை டயரோடு தேய்த்துக்கொண்டு போகும். ஆகவே பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் குறைவாகவே இறக்க வேண்டும்.

1934 முதல் நுவரெலியாவில் நடக்கும் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் கார்கள் தாழ்ந்தே ஓடுகின்றன. அங்கு வீதி மூடப்பட்டிருக்கும். ஒரு கார் ஓடி முடியும் வரை இன்னொன்று வராது. எங்கு குழி என்பது சாரதிக்கு மனப்பாடம். அங்கு சரியாக இருப்பது கண்டிக்கு அருகே அக்குறணைச் சந்தியில் சரியாக இருக்காது.

டயரும் இந்தக் கணக்கின் ஒரு பகுதி. சிறிய கார்கள் பலவற்றோடு முதலில் வந்த 155/80 ஆர்13 டயரின் மொத்த விட்டம் 578 மில்லிமீற்றர். 185/60 ஆர்14 போட்டாலும் விட்டம் மாறாது. பிடிப்பு கூடும், வேகமானி பொய் சொல்லாது. 195/45 ஆர்15க்குப் போனால் விட்டம் 21 மில்லிமீற்றர் குறைந்து, கார் இன்னும் ஒரு சென்ரிமீற்றர் இறங்கும். டயரின் பக்கச்சுவரும் மெலிந்து, குழியின் உதை ரிம்மை வளைக்கும்.

சட்டமும் காப்புறுதியும்

இலங்கையில் வாகனங்கள் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களைப் பாதிக்கும் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் ஆபத்தான மேலதிகப் பொருத்துகளைப் பொலிஸார் அகற்றத் தொடங்கியதிலிருந்து வீதியில் சோதனையும் கூடியிருக்கிறது. காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. விபத்தின் பின் மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பவற்றில் மாற்றிய ஸ்பிரிங்கும் ஒன்று.

வேலை நடக்கும் முறை

ஸ்ட்ரட்டிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றும்போது அது நூற்றுக்கணக்கான கிலோ அழுத்தத்தில் இருக்கும். சரியான அமுக்கும் கருவி இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தால்தான் மேல் நட்டைத் தொட வேண்டும். கயிற்றாலும் கம்பியாலும் கட்டி இதைச் செய்பவர்கள் கையை இழக்க நேரலாம். மவுண்ட், பெயரிங், ரப்பர்த் தடை மூன்றையும் அதே தடவையில் புதிதாகப் போட வேண்டும். தாழ்த்தும் ஸ்பிரிங்கோடு வரும் அறிவுறுத்தலில் ரப்பர்த் தடையைச் சற்று வெட்டச் சொன்னால் சொன்ன அளவே வெட்ட வேண்டும், முழுதாக எடுத்துவிடக் கூடாது.

புஷ் மாற்றும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. கார் ஜக்கில் தொங்கும்போதே ஆர்மின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டியது; தொங்கிய நிலையில் இறுக்கினால், கார் நிலத்தில் நின்றதும் அது முறுகிய நிலையிலேயே இருக்கும். கார் உயரம் பொய்யாகக் கூடும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். போல்ட்டைக் கையால் போட்டுவிட்டு, காரைச் சக்கரத்தில் இறக்கி, ஒன்றிரண்டு தடவை அமுக்கிவிட்டு, அதன்பின் இறுக்குவதே முறை.

பின்னர் வீல் எலைன்மென்ட். அதற்கு முன் டயர்க்காற்றைச் சரிபார்த்து, எரிபொருளைப் பாதியளவு நிரப்பி, சாரதியின் எடையை இருக்கையில் வைப்பது நல்ல இடங்களின் வழக்கம். முன்விளக்கின் உயரத்தையும் திருத்த வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அதிகம் இறங்கியிருந்தால் இரவில் வீதி தெரியும் தூரம் குறையும். புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீற்றரில் மேலும் சில மில்லிமீற்றர் இறங்கி அமரும். ஆகவே 500 கிலோமீற்றர் ஓடியபின் நான்கு மூலைகளையும் மீண்டும் அளந்து, போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி, எலைன்மென்ட்டை இரண்டாம் முறை பார்க்க வேண்டும். மட்காட்டின் உட்பக்கத்தில் டயர் உரசிய கோடு இருந்தால் அது அப்போது தெரியும். இருந்தால், கொயில் ஓவர் போட்டவர் தட்டைத் திருகி 5 அல்லது 10 மில்லிமீற்றர் உயர்த்தலாம், ஸ்பிரிங் போட்டவர் அதன் இருக்கைக்குக் கீழே தடித்த ரப்பர் வளையம் ஒன்றை வைக்கலாம்.